பல்கலைக்கழக வகுப்பறையில் பேனாக் கணினி

பேனாக் கணினி என்பது திரையின் மேலேயே மின்னணுப் பேனாவால் எழுதவும் வரையவும் இடம்தரும் டேப்லெட் கணினி. பல்கலைக்கழகக் கற்பித்தலில் இது இரண்டு வகையாகப் பயன்படுகிறது. முதல் வகையில் விரிவுரையாளர் தம் ஸ்லைடுகளின் மேல் எழுதியும் கோடிட்டும் பாடம் நடத்துகிறார். அவர் எழுதுவது அப்போதைக்கப்போது புரொஜெக்டர் வழியே பெருந்திரையில் தெரிகிறது. இரண்டாம் வகையில் மாணவர்கள் தங்கள் கருவியில் எழுதிய விடையை விரிவுரையாளருக்கு அனுப்புகிறார்கள். அவற்றுள் சிலவற்றை அவர் வகுப்பு முழுவதும் காணும்படி காட்டி விளக்குகிறார். சமன்பாடு, மின்சுற்று, மூலக்கூறு அமைப்பு, விசைப்படம் போன்றவற்றை விசைப்பலகையில் தட்டெழுதுவது கடினம் என்பதால், கணிதம், அறிவியல், பொறியியல் துறைகளில் இம்முறை முதலில் வேரூன்றியது.

மலேசியாவின் பினாங்கு மாநிலம் இந்தப் பொருளுக்குப் பொருத்தமான களம். தொலைநிலைக் கல்வியில் அரை நூற்றாண்டு அனுபவமுள்ள ஓர் அரசுப் பல்கலைக்கழகமும், ஜார்ஜ் டவுனில் தலைமையகம் கொண்ட ஒரு திறந்தநிலைப் பல்கலைக்கழகமும், மின்னணுத் தொழிற்சாலைகள் நிறைந்த பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையும் இங்கே அருகருகே உள்ளன.

தேவை

கரும்பலகையில் பாடம் நடத்தும் ஆசிரியர் ஒரு தேற்றத்தை வரி வரியாக நிறுவுகிறார். எங்கே தொடங்கினார், எந்த இடத்தில் நின்று யோசித்தார், எதை அழித்துத் திருத்தினார் என்பதெல்லாம் மாணவர் கண்முன்னே நடக்கின்றன. எழுதும் கையின் வேகமே பாடத்தின் வேகமாக அமைவதால் மாணவரால் பின்தொடர முடிகிறது. ஆனால் ஆசிரியர் வகுப்புக்கு முதுகு காட்டி நிற்க வேண்டும். பலகை நிறைந்தால் அழிக்க வேண்டும். 200 பேர் அமரும் விரிவுரை மண்டபத்தில் பின்வரிசைக்கு எழுத்துத் தெரியாது.

1990களில் பரவிய ஸ்லைடு முறை இந்தக் குறைகளைத் தீர்த்தது. எழுத்து பெரிதாகத் தெரிந்தது. படங்களும் வரைபடங்களும் தயாராக இருந்தன. பாடத்தைச் சேமித்து வழங்க முடிந்தது. ஆயினும் அது வேறொரு குறையைக் கொண்டுவந்தது. பத்து வரியில் வளர வேண்டிய நிறுவல் ஒரே நொடியில் முழுமையாகத் திரையில் விழுந்தது. முடிவைக் கண்ட மாணவர், முடிவுக்குச் சென்ற வழியைக் காணவில்லை. இடையில் எழும் கேள்விக்குத் திரையிலேயே பதில் எழுதவும் வழியில்லாமல் போயிற்று.

பேனாக் கணினி இவ்விரண்டின் நன்மைகளையும் ஒன்றுசேர்க்கிறது. ஸ்லைடில் வினாவும் வெற்றிடமும் மட்டும் இருக்கும். விடை வகுப்பில் எழுதப்படும். ஆசிரியர் மாணவரைப் பார்த்தபடியே எழுதுவார். பாடம் முடிந்ததும் கையெழுத்தோடு கூடிய பக்கங்கள் பிடிஎஃப் கோப்பாகப் பல்கலைக்கழகத்தின் இணையக் கற்றல் தளத்தில் ஏறிவிடும்.

கருவி இயங்கும் விதம்

பேனாக் கணினிகளில் இரண்டு தொழில்நுட்பங்கள் முதன்மையானவை. ஒன்று மின்காந்த ஒத்ததிர்வு முறை. திரைக்கு அடியில் கம்பிச் சுருள்களால் ஆன உணர்தளம் ஒன்று மெல்லிய மின்காந்த அலையை எழுப்புகிறது. பேனாவுக்குள் உள்ள சுருள் அந்த ஆற்றலைப் பெற்று அதிர்ந்து மறுகுறிப்பு அனுப்புகிறது. அதைக்கொண்டு பேனா முனை இருக்கும் இடமும் அழுத்தமும் கணக்கிடப்படுகின்றன. இந்தப் பேனாவுக்கு மின்கலம் தேவையில்லை. 1983இல் ஜப்பானில் தொடங்கப்பட்ட வாக்கம் நிறுவனம் இம்முறையில் பெயர் பெற்றது. மற்றொன்று மின்னிலை முறை. இதில் மின்கலம் பொருத்திய பேனா தானே குறிப்பு அனுப்ப, தொடுதிரையின் மின்முனைகள் அதை உணர்கின்றன. ஆப்பிள் பென்சிலும் மைக்ரோசாஃப்ட் சர்ஃபேஸ் கணினிகளின் பிற்காலப் பேனாக்களும் மின்கலத்தில் இயங்குபவை.

விரலால் மட்டும் இயக்கும் டேப்லெட்டில் ரப்பர் முனைக் குச்சியைக் கொண்டு எழுதலாம் என்றாலும், கோடு தடிப்பாக விழும். உள்ளங்கை திரையில் பட்டால் அதுவும் கோடாகும். பேனாவையும் கையையும் பிரித்தறியும் கருவியே வகுப்புக்கு உதவும். எழுதும்போது கோடு பேனா முனைக்குப் பின்தங்காமல் வருவதும் முக்கியம். சற்றே தாமதமானாலும் எழுதுபவரின் கையெழுத்து சிதறிவிடும்.

எழுதியவை புள்ளிப்படமாக மட்டுமன்றி, ஒவ்வொரு கோடும் தொடங்கிய இடம், சென்ற பாதை, எழுதிய வரிசை ஆகிய விவரங்களோடு சேமிக்கப்படுகின்றன. அதனால் ஒரு கோட்டை மட்டும் அழிக்கலாம், நகர்த்தலாம், நிறம் மாற்றலாம். எழுதிய வரிசையிலேயே மீண்டும் ஓட்டிக் காட்டலாம்.

வரலாறு

கையெழுத்தை மின்சாரத்தின் வழியே அனுப்பும் எண்ணம் கணினிக்கு முந்தியது. அமெரிக்கரான எலிஷா கிரே 1888இல் டெலாட்டோகிராஃப் என்ற கருவிக்குக் காப்புரிமை பெற்றார். ஓரிடத்தில் எழுதியது கம்பி வழியே சென்று மற்றோரிடத்தில் எழுதப்பட்டது. 1963இல் எம்ஐடியில் ஐவன் சதர்லாண்ட் உருவாக்கிய ஸ்கெட்ச்பேட், ஒளிப்பேனாவால் கணினித் திரையில் படம் வரைய வழிசெய்தது. 1964இல் ராண்ட் நிறுவனம் தன் வரைபலகையை வெளியிட்டது. 1972இல் ஆலன் கே, குழந்தைகளும் கையில் எடுத்துச் செல்லத்தக்க டைனாபுக் என்ற கணினியைக் கற்பனை செய்து கட்டுரை எழுதினார். 1989இல் கிரிட்பேட் என்ற பேனாக் கணினி விற்பனைக்கு வந்தது.

வகுப்பறைக்கென்றே அமைந்த முயற்சிகளில் முன்னோடி, ஜார்ஜியா தொழில்நுட்பக் கழகத்தில் கிரெகரி அபவுட் தலைமையில் 1995இல் தொடங்கிய கிளாஸ்ரூம் 2000 திட்டம். ஆசிரியர் மின்பலகையில் எழுதியதையும் பேசியதையும் அது சேர்த்துப் பதிவு செய்தது. மாணவர் பின்னர் ஒரு கோட்டைத் தொட்டால் அது எழுதப்பட்ட நேரத்தில் ஆசிரியர் பேசியது ஒலித்தது.

2002 நவம்பர் 7இல் மைக்ரோசாஃப்ட் நிறுவனம் டேப்லெட் பிசியை அறிமுகப்படுத்தியபின் இத்துறை வேகம் பிடித்தது. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ரிச்சர்ட் ஆண்டர்சனும் உடன் பணியாற்றியோரும் கிளாஸ்ரூம் பிரசென்ட்டர் என்ற மென்பொருளை உருவாக்கினர். கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் சான் டியேகோ வளாகத்தில் பெத் சைமன், வில்லியம் கிரிஸ்வோல்ட் ஆகியோர் அதை இணையவழி விரித்து யுபிகுவிட்டஸ் பிரசென்ட்டரைப் படைத்தனர். பேனாக் கணினி இல்லாத மாணவரும் சாதாரண மடிக்கணினியில் தட்டெழுதி விடை அனுப்ப அது வழி தந்தது. டிபாவ் பல்கலைக்கழகத்தில் டேவ் பெர்க் தொடங்கிய பணி, டைநோ என்ற வணிக மென்பொருளாக வளர்ந்தது. 2006இல் பர்டியூ பல்கலைக்கழகத்தில் பேனாத் தொழில்நுட்பமும் கல்வியும் பற்றிய முதல் பயிலரங்கு கூடியது. அதே ஆண்டில் வர்ஜீனியா டெக் பொறியியல் கல்லூரி, புதிதாகச் சேரும் மாணவர் அனைவரும் டேப்லெட் பிசி வைத்திருக்க வேண்டும் என விதித்தது.

2010இல் வெளிவந்த ஐபேட் முதலில் விரலுக்கென்றே செய்யப்பட்டது. 2011இல் சாம்சங் கேலக்ஸி நோட், 2013இல் சர்ஃபேஸ் புரோ, 2015இல் ஆப்பிள் பென்சில் என அடுத்தடுத்து வந்த கருவிகள் பேனாவை மீண்டும் நடுவிடத்துக்குக் கொண்டுவந்தன. இன்று பேனாவோடு இயங்கும் கருவி, ஆய்வுக்கூடத்துக்கு வெளியே சாதாரணக் கடையிலும் கிடைக்கிறது.

வகுப்பில் பயன்படுத்தும் முறைகள்

வெற்றிட ஸ்லைடு: பாடக்குறிப்பில் தலைப்பு, படத்தின் சட்டகம், தரவு ஆகியன மட்டும் அச்சிடப்பட்டிருக்கும். மின்சுற்றின் மின்னோட்டத் திசை, சமன்பாட்டின் அடுத்த படி, வரைபடத்தின் சரிவு போன்றவை வகுப்பில் பேனாவால் சேர்க்கப்படும். மாணவரிடமும் அதே வெற்றிடப் பிரதி இருப்பதால் முழுவதையும் நகலெடுக்கும் சுமை குறைந்து, வழிமுறையை மட்டும் எழுதும் பழக்கம் வளர்கிறது.

மாணவர் விடைத் திரட்டு: ஆசிரியர் ஒரு வினா தருகிறார், மாணவர் தனியாகவோ இருவர் இருவராகவோ ஐந்து நிமிடம் எழுதி அனுப்புகிறார்கள். ஆசிரியர் தம் திரையில் எல்லாவற்றையும் பார்த்து மூன்றோ நான்கோ தேர்ந்தெடுத்துப் பெயரின்றிக் காட்டுகிறார். பெயர் மறைந்திருப்பதே இம்முறையின் உயிர். கைதூக்கிப் பேசக் கூசும் மாணவரின் பிழையும் வகுப்புக்குப் பாடமாகிறது. அவர் முகம் சுருங்க நேர்வதில்லை. பலரும் ஒரே இடத்தில் தடுக்கி விழுந்திருந்தால், அந்த இடத்தை மறுபடி நடத்த வேண்டும் என்பது ஆசிரியருக்கு அப்போதே தெரிந்துவிடுகிறது.

திருத்தம்: மாணவர் அனுப்பிய பிடிஎஃப் விடைத்தாளின் ஓரத்தில் பேனாவால் குறிப்பெழுதித் திருப்பி அனுப்பலாம். தொலைநிலை மாணவருக்கு இது பெரிய துணை. ‘விடை தவறு’ என்ற தட்டெழுத்தைவிட, தவறிய வரியின் மேல் வட்டமிட்டு எழுதிய இரண்டு சொற்கள் அதிகம் கற்பிக்கும்.

பதிவு: குரலும் எழுத்தும் சேர்ந்த சிறு காணொலிகளைப் பேனாக் கணினியிலேயே தயாரிக்கலாம். அமெரிக்கக் கல்வியாளர் சல்மான் கான் 2006 முதல் யூடியூபில் வெளியிட்ட கணிதப் பாடங்கள் இந்த வடிவத்தை உலகறியச் செய்தன: கருந்திரையில் வண்ணக் கையெழுத்து, பின்னணியில் குரல், ஆசிரியர் முகமே இல்லை.

பினாங்கின் களம்

மலேசியாவின் இரண்டாவது பல்கலைக்கழகமான மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம் 1969இல் பினாங்கில் நிறுவப்பட்டது. தொடக்கத்தில் குளுகோரில் இருந்த ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி வளாகத்தில் இயங்கி, பின்னர் பிரிட்டிஷ் படை முகாம் இருந்த மிண்டனுக்கு மாறியது. 1971இலேயே வளாகத்துக்கு வெளியே பயிலும் மாணவருக்கான பட்டக் கல்வியைத் தொடங்கி, நாட்டின் தொலைநிலைக் கல்விக்கு வழி திறந்தது. அஞ்சல்வழிப் பாடநூலில் தொடங்கிய அந்த முயற்சி, தொலைமாநாட்டு வகுப்புகள், காணொலி மாநாடு, இணையக் கற்றல் தளம் என்று படிப்படியாக வளர்ந்தது. தொலைவில் இருக்கும் மாணவருக்கு ஆசிரியரின் குரலை அனுப்புவது எளிது. அவர் எழுதும் எழுத்தை அனுப்புவதுதான் எப்போதும் சிக்கலாக இருந்தது. அந்தச் சிக்கலுக்கு இன்றுள்ள மிக நேரடியான விடை பேனாக் கணினி.

இப்பல்கலைக்கழகத்தின் பொறியியல் வளாகம் பேராக்கிலிருந்து மாறி 2001 முதல் தென் செபராங் பிறையின் நிபோங் திபாலில் இயங்குகிறது. குடிசார், இயந்திர, மின், வேதி, பொருள்சார், வான்வெளிப் பொறியியல் துறைகள் அங்கே உள்ளன. உத்திரத்தில் விழும் விசை, டிரான்சிஸ்டர் சுற்று, காற்றோட்டக் கோடு என ஒவ்வொரு பாடமும் வரைந்தே விளக்க வேண்டியது. பாயான் லெப்பாஸ் தடையற்ற வர்த்தக மண்டலம் 1972இல் திறந்தபோது அங்கே ஆலை அமைத்த நிறுவனங்களுள் இன்டெலும் ஹியூலட்-பேக்கார்டும் அடங்கும்; அமெரிக்காவுக்கு வெளியே இன்டெல் அமைத்த முதல் ஆலை அது. பினாங்கில் பொறியியல் படிக்கும் மாணவரில் பலருக்கு வேலைக்களம் அந்தத் தொழிற்பேட்டைதான். அங்கே புதிய சிக்கல் எழும்போது பொறியாளர் முதலில் செய்வது ஒரு படத்தை வரைந்து சக ஊழியருக்கு விளக்குவது. வகுப்பில் வரைந்து சிந்திக்கப் பழகாத மாணவருக்கு அந்தத் திறன் பின்னர் தானாக வராது.

ஜார்ஜ் டவுனில் ஜாலான் சுல்தான் அகமட் ஷாவில் அமைந்த வாவாசான் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 2006இல் நிறுவப்பட்டு, 2007 ஜனவரியில் முதல் மாணவரைச் சேர்த்தது. வேலை பார்த்துக்கொண்டே படிக்கும் பெரியவர்களே அதன் முதன்மை மாணவர்கள். பல ஊர்களில் உள்ள மண்டல மையங்களில் பயிற்றுநர்கள் வழிகாட்டுகிறார்கள். பணி முடிந்து களைத்து வரும் மாணவர், தவறவிட்ட வகுப்பில் எழுதப்பட்ட பக்கங்களை எழுதிய வரிசையிலேயே காண முடிந்தால் அது அவருக்கு மறு வகுப்பு போன்றது.

கோவிட்-19 தொற்றைத் தடுக்க 2020 மார்ச் 18இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடைமுறைக்கு வந்தபோது வளாகங்கள் மூடப்பட்டன. அவ்வாண்டு இறுதிவரை பல்கலைக்கழகப் பாடங்கள் இணையவழியே நடக்கும் என்று மே மாதத்தில் உயர்கல்வி அமைச்சு அறிவித்தது. வெண்பலகையை நம்பியிருந்த கணித, பொறியியல் ஆசிரியர்களுக்கு ஒரே இரவில் எழுதும் இடம் இல்லாமல் போயிற்று. உலகெங்கும் நடந்தது போலவே இங்கும் பேனா டேப்லெட்டும், யூஎஸ்பியில் இணைக்கும் வரைபலகையும், தாளுக்கு மேலே பொருத்திய கைப்பேசிக் கேமராவும் அந்த இடத்தை நிரப்பின.

தமிழ் எழுத்தும் பேனாவும்

பேனாவால் எழுதிய தமிழைத் திரையில் காட்ட எழுத்துருவோ விசைப்பலகை அமைப்போ வேண்டியதில்லை. மலாயாப் பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறையிலும், தஞ்சோங் மாலிமில் உள்ள சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகத்திலும் தமிழ் பயில்வோருக்கு இது நேரடியாகப் பயன்படக்கூடியது. ஒரு வெண்பாவைத் திரையில் இட்டுச் சீர்களைப் பிரித்து, நேரசை நிரையசைக்குக் குறியிட்டு, சீருக்குச் சீர் தளை கண்டு எழுதும் பாடத்தைத் தட்டெழுத்தில் நடத்துவது மிகக் கடினம். புணர்ச்சி பிரிப்பதும், சுவடி எழுத்தின் வரிவடிவை வரைந்து காட்டுவதும் அப்படியே.

எழுதியதைக் கணினி படித்து அச்செழுத்தாக மாற்றுவது வேறு வேலை. அதில் தமிழுக்குக் குறிப்பிடத்தக்க பணி நடந்துள்ளது. பெங்களூரில் இருந்த எச்பி ஆய்வகம், பெங்களூரிலும் சேலத்திலும் பள்ளிப் பிள்ளைகள் முதல் பட்டதாரிகள் வரை தமிழர் பலரை டேப்லெட் பிசியில் எழுதச் செய்து, 156 தமிழ்க் குறிகளுக்கு ஒவ்வொன்றுக்கும் ஏறத்தாழ 500 மாதிரிகளைத் திரட்டியது. 2006இல் நடந்த பன்னாட்டுத் தமிழ்க் கையெழுத்து அறிதல் போட்டிக்கு இத்தரவே அடிப்படை. 247 எழுத்துகளையும் தனித்தனியே கற்பிக்காமல், ஒற்றைக்கொம்பு, துணைக்கால் போன்றவற்றைப் பிரித்து அறிவதால் குறிகளின் எண்ணிக்கை குறைகிறது. இந்திய அறிவியல் கழகத்தில் ஏ. ஜி. இராமகிருஷ்ணனின் குழுவும் இத்துறையில் தொடர்ந்து உழைத்தது. 2015இல் கூகிள் வெளியிட்ட 82 மொழிகளுக்கான கையெழுத்துச் செயலியில் தமிழும் இடம்பெற்றது.

ஆய்வுகள் காட்டுவது

லோகன் ஃபியொரெல்லா, ரிச்சர்ட் மேயர் ஆகியோர் 2016இல் வெளியிட்ட ஆய்வு, முன்பே வரைந்து வைத்த படத்தைக் காட்டி விளக்குவதைவிட, ஆசிரியர் படத்தை வரைந்துகொண்டே விளக்குவது கற்றலுக்கு உதவுவதைக் காட்டியது. பாடத்தில் முன்னறிவு குறைந்தோருக்கு அந்தப் பயன் தெளிவாகத் தெரிந்தது. கையால் குறிப்பெழுதுவோர் மடிக்கணினியில் எழுதுவோரைவிடக் கருத்துவினாக்களில் சிறந்தனர் என்று 2014இல் பாம் முல்லரும் டேனியல் ஓப்பன்ஹைமரும் எழுதிய கட்டுரை மிகவும் பேசப்பட்டது. 2019இல் வேறு ஆய்வாளர் அதே சோதனையைத் திரும்பச் செய்தபோது அவ்வளவு உறுதியான வேறுபாடு கிட்டவில்லை. ஆகவே கையெழுத்தே போதும் என்று முடிவுகட்ட இடமில்லை.

உறுதியான சான்று வேறிடத்தில் உள்ளது. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் ஸ்காட் ஃப்ரீமனும் குழுவினரும் 2014இல் 225 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தனர். அறிவியல், பொறியியல், கணித வகுப்புகளில் விரிவுரை மட்டும் கேட்டவர்களில் 33.8 விழுக்காட்டினர் தேறவில்லை. மாணவர் தாமே செய்து கற்ற வகுப்புகளில் அது 21.8 விழுக்காடு. பேனாக் கணினியின் மதிப்பை இந்த அளவுகோலால்தான் எடைபோட வேண்டும். மாணவரின் கையை வேலை செய்யவைக்கும் வகுப்பில் அது பயன் தருகிறது. ஆசிரியர் மட்டும் எழுதிக்கொண்டே போகும் வகுப்பில் அது விலையுயர்ந்த கரும்பலகை.

வரம்புகள்

முதல் வரம்பு விலை. 2022ஆம் ஆண்டுக்கான மலேசிய வரவுசெலவுத் திட்டம், குறைந்த வருமானக் குடும்பங்களைச் சேர்ந்த உயர்கல்வி மாணவருக்கு டேப்லெட் வழங்க 450 மில்லியன் ரிங்கிட் ஒதுக்கியது. இது வரவேற்கத்தக்க தொடக்கம். ஆனால் டேப்லெட் கிடைப்பதும் பேனாவோடு எழுதத்தக்க டேப்லெட் கிடைப்பதும் ஒன்றல்ல.

இரண்டாவது இணைய வசதி. 2020 ஜூனில் சபா மாநில மாணவி ஒருவர் இணையத் தேர்வெழுத மரத்தின் மேல் இரவு தங்கிய செய்தி நாடெங்கும் பேசப்பட்டது. நேரலைக் காணொலியைவிடக் கையெழுத்துப் பக்கங்கள் மிகக் குறைந்த தரவில் சென்றுசேரும் என்பதால், இணைப்பு நலிந்த இடங்களில் காணொலியைக் குறைத்து எழுத்தையும் குரலையும் மட்டும் அனுப்புவது நல்ல வழி.

மூன்றாவது ஆசிரியரின் ஆயத்தம். சிறிய திரையில் எழுதுவதைப் பெருந்திரையில் படிக்க, எழுத்தைப் பெரிதாக்க வேண்டும். ஒரு பக்கத்தில் எட்டு வரிக்கு மேல் எழுதக் கூடாது. நிறங்கள் இரண்டு மூன்றுக்கு மேல் போகக் கூடாது. வெற்றிட ஸ்லைடுகளை ஆயத்தம் செய்ய நேரம் தேவை. அந்த நேரத்தைப் பணிச்சுமையில் கணக்கிடாத நிறுவனத்தில் கருவிகள் அலமாரியிலேயே இருக்கும்.

மதிப்பீடு

எல்லா மாணவருக்கும் பேனாக் கணினி இல்லை என்பதற்காக ஒரு பல்கலைக்கழகம் காத்திருக்க வேண்டியதில்லை. விரிவுரையாளரிடம் ஒரு பேனா டேப்லெட்டும் மாணவரிடம் தாளும் கைப்பேசியும் இருந்தாலே போதும். மாணவர் தாளில் எழுதிப் படமெடுத்து அனுப்ப, ஆசிரியர் அதன் மேல் எழுதித் திருத்திக் காட்டலாம். பினாங்கின் கல்விக்கூடங்களிடம் தொலைநிலை அனுபவமும், பொறியியல் துறைகளும், அருகிலேயே தொழிற்பேட்டையும் உள்ளன. அவை முதலில் செலவிட வேண்டியது ஆசிரியர் பயிற்சிக்கும் பாடத்தை மறுவடிவமைக்கும் நேரத்துக்கும்; கருவி அதற்கு அடுத்தது. ஒவ்வொரு வகுப்பிலும் ஒரு முறையேனும் மாணவரின் கையெழுத்து பெருந்திரைக்கு வர வேண்டும் என்ற ஒரே விதியைக் கடைப்பிடித்தால், பேனாக் கணினி வாங்கிய பணத்துக்கு உரிய பயன் கிட்டும்.